சனிக்கிழமை யுகுலேலே

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இந்த விஷயத்தில் எங்கள் இருவருக்குள்ளும் ஒளிவுமறைவே இருந்ததில்லை. சனிக்கிழமை காலையில் அவள் அம்மா வாசலில் விட்டுப் போனதும் நேராக உள்ளே வருவாள். நான் நிற்கிற இடத்தில் ஏதோ அலமாரி இருப்பதைப் போலச் சுற்றிக்கொண்டு போய் பால்கனிக் கதவோரம் பையை வைப்பாள். நானும் 'வா' என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் பதில் வராது. எதற்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

அவள் என் வீட்டுக்காரரின் மகள். மூத்த தாரத்துப் பிள்ளை, வயது பத்து. அப்பா அவளைக் 'குண்டூசி' என்று கூப்பிடுவார். ஆளும் ஒல்லி, குத்துவதிலும் குறைவில்லை. அவள் அம்மா ஆரம்பப் பள்ளியில் டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள். என் வாயில் அவள் டீச்சரம்மா. அவள் வாயில் நான் பார்லர்காரி. நான் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறேன். புருவம் திருத்துவேன், முடி வெட்டுவேன், நகத்துக்கு வண்ணம் தீட்டுவேன். அந்தச் சொல்லில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் அவள் அதைச் சொல்லும்போது உதட்டை ஒரு பக்கம் இழுப்பாள் பாருங்கள், அதற்கே ஓர் அறை விடலாம்.

அவர்கள் பிரிந்து, கோர்ட்டுக்கு நடந்து, எல்லாம் முடிந்து இவர் தனியாளாகக் கிடந்தபோதுதான் நான் வந்தேன். டீச்சரம்மாவின் கணக்கில் மட்டும் அந்தக் குடும்பம் உடைந்தது என்னால்தான். மகளுக்கும் அதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தப் பாடத்தில் மகள் நூற்றுக்கு நூறு.

சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவாள். இவருக்கு மகள் என்று மிச்சம் இருந்தது அந்த ஒன்றரை நாள்தான். உண்மையைச் சொல்கிறேனே, அவள் வராத வாரம் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வாரம் இவரைப் பார்க்கச் சகிக்காது. தட்டில் வைத்ததை அளைந்துகொண்டே இருப்பார், டிவியை அணைக்காமலே தூங்கிப்போவார், ஞாயிற்றுக்கிழமையில் ஷேவ்கூடச் செய்ய மாட்டார். அந்த மனிதருக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தநாளுக்கு இவர் அவளுக்கு ஒரு யுகுலேலே வாங்கிக் கொடுத்தார். கிட்டாருக்குக் குட்டி போட்டாற்போல இருக்கும், நாலே தந்தி, அதுவும் நைலான். கூடவே சனிக்கிழமை வகுப்பிலும் சேர்த்துவிட்டார். சைக்கிள் கடைக்கு மாடியில் ஒரு நீள அறை, அங்கே வகுப்பு. யார் கூட்டிக்கொண்டு போவது என்று மட்டும் யோசிக்கவில்லை. இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டெல்லாம் சனிக்கிழமை பார்த்துத்தான் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நிற்கும். வகுப்பின் முதல் நாளே போன் வந்துவிட்டது.

"நீ கொஞ்சம் கூட்டிட்டுப் போயிடேன்," என்று என்னிடம் அசடு வழிந்தார்.

"அவ என்கூட வருவாளா?"

"நடந்துபோற தூரம்தானே."

தூரத்தையா கேட்டேன்? போனோம். அவள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். வழியில் பார்க்கிறவர்கள் நான் பிள்ளை பிடிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாஸ்டர் என்னைவிடச் சின்னவர். சதா தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார், சிரிக்கவே மாட்டார். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய சட்டம். உட்கார்ந்தால் மட்டும் போதாது, வாசிக்கவும் வேண்டும். மூலையில் அடுக்கியிருந்ததிலிருந்து ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இங்க வேடிக்கை பாக்கறதுக்கு நாற்காலி கிடையாது மேடம். வீட்டுல போய் கூட வாசிக்க ஆள் இருந்தாத்தான் பிள்ளைங்க கத்துக்கும். ஆனா இந்த நகத்த வச்சுக்கிட்டு முடியாது. இடது கை நகத்த மட்டும் வெட்டிட்டு வாங்க."

என் நகங்கள்தான் எனக்கு விளம்பரப் பலகை. வருகிறவர்கள் என் கையைப் பார்த்துத்தான் தங்கள் கையை நீட்டுவார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் என் நகம் போவதற்காக. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கைப்பையில் எப்போதும் நகவெட்டி இருக்கும். அங்கேயே எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க, அஞ்சு விரலையும் ஒட்ட வெட்டினேன்.

அடுத்தது அவள் முறை. யுகுலேலேயைக் கையில் வாங்கியவள் எல்லாரும் பிடிப்பதற்கு நேர் எதிராகப் பிடித்தாள். இடது கை மீட்ட, வலது கை கழுத்தைப் பிடிக்க. மாஸ்டர் திருப்பி வைத்தார். அவள் தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் மறுபடி பழையபடியே பிடித்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது.

"நீ இடது கையா?" என்று கேட்டார்.

குண்டூசியின் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல சார். நான் வலது கைதான். வலது கையாலதான் எழுதுவேன். அம்மா மாத்திட்டாங்க."

"அம்மா மாத்தினா மாறிடுமா?" என்று சொல்லிவிட்டு அவர் அவளுடைய யுகுலேலேயை வாங்கினார். இடது கைக்காரர்கள் வாத்தியத்தைத் திருப்பிப் பிடிக்கும்போது மேலே இருக்கவேண்டிய தந்தி கீழே போய்விடும், விரல் வைக்கும் இடமெல்லாம் தலைகீழாகிவிடும். அதனால் நாலு தந்தியையும் கழற்றி வரிசை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். வாங்கி மீட்டினாள். அவ்வளவு நேரம் விறைத்துக்கொண்டிருந்த அவள் தோள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பத்தடி முன்னால் போகவில்லை. அஞ்சடிதான். தெருமுனையில் நின்று, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இத அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"உங்கம்மாகிட்ட நான் எதுக்குப் பேசப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்ததுபோலத் தெரிந்தது.

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் யுத்தம். மாஸ்டர் ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் கொடுப்பார். சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் வலது கை, அவள் இடது கை. எதிரெதிரே உட்கார்ந்தால் அவள் எனக்குக் கண்ணாடி மாதிரி இருப்பாள். அவள் விரல் எங்கே போகிறதோ அங்கே என் விரலை வைத்தால் போதும். இது எனக்கு எவ்வளவு உதவி என்பதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. தெரிந்தால் வேண்டுமென்றே திரும்பி உட்கார்ந்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான்.

நாலு தந்தியும் இணைந்து ஒலிக்க விரல் வைக்கும் முறைக்குக் கோர்டு என்று பேர். சி என்கிற கோர்டுக்கு ஒரே விரல், அது யாருக்கும் வரும். ஜி என்று ஒன்று இருக்கிறது. மூன்று விரலையும் நண்டு மாதிரி மடக்கி வைக்கவேண்டும். எனக்கு அது வரவே இல்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து, காய்த்து, பார்லரில் புருவத்துக்கு நூல் பிடிக்கும்போது சுரீர் என்று இழுக்கும். ஒரு அம்மாளுக்குப் புருவத்தில் கொஞ்சம் கூடவே எடுத்துவிட்டேன். ஆச்சரியப்பட்ட முகத்தோடு எழுந்து போனார்.

"உங்க ஜி அழுவுது," என்பாள் குண்டூசி.

"உன் தாளம் நொண்டுது, அதப் பாரு."

"நான் சின்னப் பொண்ணு. நீங்க எவ்ளோ பெரியவங்க, உங்களுக்கே வரல."

"உங்கப்பாவக் கூப்பிட்டு யார் வாசிக்கிறது நல்லாருக்குன்னு கேப்போமா?"

"அப்பா உங்களுக்குப் பயந்துக்கிட்டு உங்க பேரச் சொல்லுவாரு."

இவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் அடித்துக்கொள்வதை ஏதோ கச்சேரி மாதிரி ரசிப்பார். மனிதருக்கு ரத்தம் ஊறியது, கன்னம் நிறைந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் "வேற ஆள அனுப்புங்க" என்று சொல்லக்கூடத் துணிந்தார். குண்டூசி என்னோடு சண்டை போட்டாளே தவிர, என்னை அலமாரியாக நினைப்பதை விட்டிருந்தாள். அலமாரியோடு யார் சண்டை போடுவார்கள்? அவள் என்னைக் கூப்பிட மட்டும் ஒரு சொல் இல்லை. 'சித்தின்னு கூப்பிடு' என்று இவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். 'ஏங்க'தான். எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தேன்.

டீச்சரம்மாவுக்கு இந்த வாத்தியம் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. எங்கள் வீட்டிலிருந்து வந்த எதுவும் அவளுக்கு ஆகாது. அவள் வீட்டில் குண்டூசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஒரு நாள்கூடக் கதவைத் திறந்து, நீ என்னதான் வாசிக்கிறாய் என்று பார்த்ததில்லை. இதை நான் துருவிக் கேட்கவில்லை. 'இங்க கதவு சாத்தணுமா?' என்று முதல் தடவை அவள் கேட்டபோதே புரிந்துவிட்டது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் மாஸ்டர் ஒரு நிகழ்ச்சி வைத்தார். நூலகத்து மாடி அரங்கத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பிள்ளையும் பெரியவரும் ஜோடியாக மேடையேறி ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஜோடி. அதைக் கேட்டதும் அவளும் முகத்தைச் சுளித்தாள், நானும் சுளித்தேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து அவள் என் ஜி கோர்டை விடவே இல்லை. கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். "மேடையில மானத்த வாங்கிடாதீங்க," என்று பத்து வயசுப் பெண் என்னை மிரட்டினாள். வந்துவிட்டது ஜி. வந்த அன்று சந்தோஷத்தில் அவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தேன்.

நிகழ்ச்சிக்கு முந்தின ஞாயிறு கூட்டிக்கொண்டு போக வந்த டீச்சரம்மா வாசலிலேயே நின்று இவரிடம் பேசினாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்கவேண்டும் என்றே பேசினாள்.

"பரீட்சையில மார்க் குறைஞ்சிருக்கு. இந்த ப்ரோக்ராமோட போதும். அதுக்கப்புறம் சனிக்கிழமை இங்க அனுப்பறது தேவையான்னு நான் யோசிக்கணும். உங்களுக்கும் வேலை, பாத்துக்கிறது யாரோ. அந்த யாரோ என் பொண்ண எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோர்ட்டில் வாரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருக்கிறதே என்று இவர் சொன்னால், "எழுதினா என்ன, பிள்ளைக்கு இஷ்டமில்லன்னா?" என்பாள். அதற்கு மேல் பேசத் தெரியாது இவருக்கு. அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நான் திட்டினேன். "பொம்பளப்பிள்ள பெத்துட்டு வாசல்ல பிச்சைக்காரன் மாதிரி நிக்கிறீங்களே," என்று கேட்டேன். கேட்ட பிறகு நானும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நிகழ்ச்சி அன்று காலையில் அவளை அனுப்பவில்லை. "நானே நேரா அரங்கத்துக்குக் கூட்டிட்டு வரேன்," என்று டீச்சரம்மா செய்தி அனுப்பியிருந்தாள். சாயங்காலம் நாங்கள் போனபோது முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். குண்டூசி மேடைக்குப் பின்னால் யுகுலேலேப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடு, சுதி பாத்துத் தரேன்," என்று கையை நீட்டினேன். எப்போதும் நான்தான் பார்ப்பது.

"வேணாம். பாத்தாச்சு."

"யாரு பாத்தா?"

"பாத்தாச்சுன்னு சொல்றேன்ல."

சரி, மேடைப் பயம் என்று விட்டேன். அங்கே நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கும் பயம்.

எங்கள் முறை வந்தது. எதிரெதிரே நாற்காலி போட்டு, வீட்டில் உட்காருவது மாதிரியே உட்கார்ந்தோம். நான் தலையாட்டினேன். இருவரும் ஒன்றாக மீட்டினோம். என்னிடமிருந்து சி வந்தது. அவளிடமிருந்து வந்தது, தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம். அவள் விரல் சரியான இடத்தில் இல்லை, எங்கேயோ எதிர்ப்பக்கம் தடவிக்கொண்டிருந்தது. அடுத்தது, அதைவிட மோசம். நான் நிறுத்தாமல் மீட்டினேன். 'வா, வந்து சேர்ந்துக்கோ' என்று கண்ணாலேயே கெஞ்சினேன். ஜி வருகிற இடத்தில் அவள் விரல்கள் ஒன்றோடொன்று சிக்கி, அப்படியே நின்றுவிட்டாள். நானும் நிறுத்தினேன். பின்வரிசையில் யாரோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான்.

டீச்சரம்மா எழுந்துவிட்டாள். "என்னாச்சு?" என்று அங்கிருந்தே கேட்டாள். வகுப்பறையில் கேட்கிற குரல், அரங்கம் பூராவும் கேட்டது.

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"சித்திதான் ஸ்ட்ரிங்க மாத்தி வச்சுட்டாங்க."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்பதற்கு இவர் எத்தனை நாள் தவம் கிடந்தார். அது வந்த லட்சணம் இது.

மாஸ்டர் எங்களை இறக்கி அடுத்த ஜோடியை ஏற்றினார். மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு டீச்சரம்மா எனக்கு முன்னால் வந்துவிட்டாள். நாற்காலிகள் அடுக்கி, பழைய பத்திரிகைகள் குவித்துக் கிடந்த அந்தச் சின்ன அறையில் அவள் குரலுக்கு இடம் பற்றவில்லை.

"எனக்குத் தெரியும். பொறாமை. மேடைக்குப் பின்னால உன்கிட்ட விட்டதுதான் என் தப்பு. என் பொண்ணு மேடையில நல்லபடியா வாசிச்சிடக் கூடாது, அதானே? குழந்தைகிட்டப் போய் இப்படிப் பண்ண உனக்கு எப்படி மனசு வந்துச்சு? இன்னையோட முடிஞ்சுது. இனிமே சனிக்கிழமையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. யார்கிட்ட வேணா போய்ச் சொல்லிக்கோ."

நான் பதிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் இவர் என்னைப் பார்த்தார்.

"நீயா பண்ணின?" என்று மெதுவாகக் கேட்டார்.

டீச்சரம்மா பேசியதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது. இவருக்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. குண்டூசியின் தோளைப் பிடித்துப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "கைய எடு அவ மேலேருந்து," என்று டீச்சரம்மா கத்தினாள். "ரெண்டு நிமிஷம்," என்று இவர் குறுக்கே நின்றார். அந்த மட்டுக்கும் நின்றாரே.

யுகுலேலேயை வாங்கிப் பார்த்தேன். புதுத் தந்திகள், பளபளவென்று. மாஸ்டர் கட்டினால் முனையை ஒட்ட நறுக்கி உள்ளே மடித்திருப்பார். இதில் நாலு முனையும் பூனை மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வரிசை, வலது கைக்காரர்களுக்கான வரிசை.

"யாரு கட்டினது?"

அவள் அம்மா இருந்த அறைக் கதவைப் பார்த்தாள்.

"உங்கம்மாவா?"

தலை லேசாக ஆடியது.

"புதன்கிழமை அம்மா எனக்குப் புது ஸ்ட்ரிங் வாங்கிட்டு வந்தாங்க," என்றாள். "மேடையில நல்லாக் கேக்கணும்னு. போன்ல வீடியோ பாத்து அவங்களே கட்டினாங்க. அந்த வீட்டுல தப்பா மாட்டி வச்சிருக்காங்க, அவங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லிச் சொல்லிக் கட்டினாங்க. கை ரெண்டு இடத்துல கிழிஞ்சிடுச்சு. ஆனா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க."

"தப்புன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? நான் இடது கையால வாசிக்கிறேன்னு சொல்லணுமே." மூக்கை உறிஞ்சினாள். "தலைகீழா வாசிச்சுப் பாத்தேன். வீட்டுல சி வந்துச்சு. ஜி வரல. சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்."

"அதுக்கு என்னைய ஏன் இழுத்த?"

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க திட்டு வாங்கினா அழ மாட்டீங்க. அம்மா அழுவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ரெண்டு சாத்தியிருப்பேன். நான் அழ மாட்டேன் என்று இவளுக்கு யார் சொன்னது? பார்லரில் வெந்நீர்த் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நான் அழுததெல்லாம் இவளுக்குத் தெரியுமா? ஊர்ப்பட்ட பேருக்கு முன்னால் என்னைக் குழந்தையைக் கெடுக்கிறவளாக நிறுத்திவிட்டு, நியாயம் பேசுகிறாள்.

"ரொம்ப நல்லது," என்றேன். "அம்மாவக் காப்பாத்திட்ட. சனிக்கிழமை போச்சு, அது தெரியுமா? உங்கம்மா சொன்னது காதுல விழுந்துச்சா? உங்கப்பாவ இனிமே எப்ப பாப்ப? எனக்கென்ன வந்துச்சு, எனக்கு ரெண்டு நாள் நிம்மதி. அந்த மனுஷன் என்ன ஆவார்னு யோசிச்சியா?"

அவள் யோசித்திருக்கவில்லை. கண் அகல விரிந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. கதவிடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதைத்தான் பழுது பார்க்க வந்தவர்போலக் குனிந்து நின்றார்.

"நீங்க போய் அம்மாகிட்ட சொல்லுங்க," என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா நம்புவாங்களா? வேணும்னா நீ சொல்லு, வேண்டாம்னா இப்படியே வீட்டுக்குப் போ. என் தலையில போட்டதுக்கு நானே பரிகாரமும் பண்ணணுமா?"

நல்லவளாக இருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லியிருப்பேன். பழியை நானே சுமக்கிறேன் என்று கிளம்பியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. வாத்தியத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். அப்புறம் உள்ளே போனாள். நானும் பின்னால் போய்க் கதவருகே நின்றேன்.

"வா கண்ணு, போகலாம்," என்று டீச்சரம்மா கையை நீட்டினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"வீட்டுல போய்க் கேளு."

"நான் எந்தக் கையால வாசிப்பேன்?"

"என்ன கேள்வி இது? வலது கையாலதான்."

வெளியே மேடையில் யாரோ ஒரு அப்பாவும் மகனும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடகடவென்று கைதட்டல் விழுந்து அடங்கியது. குண்டூசி அங்கே கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யுகுலேலேயைத் தூக்கி, கழுத்தை வலது கையில் பிடித்து, இடது கையைத் தந்திமேல் வைத்தாள். வாசிக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சரம்மா செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். வேகமாக வந்து குனிந்தாள். மகளின் கையிலிருந்து அதை வாங்கி, திருப்பி, இந்தக் கையை இங்கே, அந்தக் கையை அங்கே என்று சரியாக எடுத்து வைத்தாள். பென்சிலை மாற்றி வைப்பதுபோல. கோபமாகச் செய்யவில்லை, பழக்கமாகச் செய்தாள். எத்தனை ஆயிரம் தடவை செய்தாளோ, அவள் கைக்கு வேறு தெரியவில்லை.

குண்டூசி பொறுமையாக அம்மா முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். முடித்ததும் மறுபடி இடது பக்கத்துக்கே திருப்பினாள்.

"இப்படித்தாம்மா," என்றாள். "முதல் நாள்லேருந்தே இப்படித்தான். மாஸ்டர் எனக்காக மாத்திக் கட்டிக் குடுத்தார். நீ கட்டினதுதாம்மா வாசிக்க வரல. அவங்க ஒண்ணும் பண்ணல."

டீச்சரம்மா ரெண்டு விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள், அந்த விரல்களை மற்ற கையால் மூடிக்கொண்டாள். மகளைப் பார்த்தாள், வாத்தியத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து," என்றேன்.

அவளை வெட்டுவதற்கு இதைவிடக் கூர்மையாக ஒன்று என் ஆயுளில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. தெரிந்தேதான் சொன்னேன். குத்திய இடமும் சரியான இடம்தான். அவள் அப்படியே அந்தப் பத்திரிகைக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து புடவையை உதறினாள். மகளின் துணிப்பையை எடுத்து என்னிடம் கொடுக்காமல், என்னைத் தாண்டி இவரிடம் கொடுத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன்," என்றாள். "அடுத்த வாரம் எப்பவும்போல அனுப்பறேன்."

இவர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வீட்டில் போய் வைத்துக்கொள்கிறேன்.

டீச்சரம்மா படி இறங்கிப் போனாள். குண்டூசி ஜன்னலுக்கு ஓடினாள். கீழே நூலகத்து வாசலில் அம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, சாலையைக் கடந்து போவதை அங்கிருந்து பார்க்க முடிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றபிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

குண்டூசி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண்ணீரும் சளியுமாக முகம், உதடு கோணிக்கொண்டு போனது.

"உங்களாலதான்," என்றாள். "எல்லாம் உங்களாலதான். எங்கம்மா அழறாங்க."

"ஆமா," என்றேன். "என்னாலதான்."